ஒரு பாட்டு பிறந்த கதை

(மூன்றாமாண்டு, ஆங்கில இலக்கியம்)

காதலில் தோற்றவர்கள் பாடிய பாட்டுகளுக்கு எந்த நாட்டிலும் பஞ்சமில்லை. ஆனால், காதலில் தோற்றவன் இறந்துபோன பிறகு அவனுடைய நண்பன் ஒருவன் வந்து நம்மிடம் சொல்வதாக அமைந்த பாட்டுகள் அரியவை. அத்தகைய ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுத முற்படுகிறேன். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்திலுள்ள நாஷ்வில் நகரிலிருந்து 1980-ஆம் ஆண்டு வெளிவந்த பாட்டு அது. பெயர் ‘ஹி ஸ்டாப்ட் லவிங் ஹர் டுடே’. ‘இன்றோடு அவளை நேசிப்பதை அவன் நிறுத்திவிட்டான்’ என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். பாடியவர் ஜார்ஜ் ஜோன்ஸ். பாட்டின் நீளம் மூன்றே கால் நிமிஷம்தான்.

தலைப்பை மட்டும் பார்க்கிறவர், ‘யாரோ ஒருவன் ஒருத்தியை ஒருவழியாக மறந்துவிட்டான் போலிருக்கிறது, நல்லதுதான்’ என்று எண்ணுவார். அப்படி எண்ண வேண்டும் என்பதற்காகவே வைக்கப்பட்ட தலைப்பு அது.

பாட்டைப் பற்றிப் பேசுமுன் அதன் குலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ‘பாலட்’ என்னும் கதைப்பாடலை நம் துறை மாணவர்கள் பாடமாகப் படிக்கிறோம். பிஷப் பெர்சி 1765-இல் தொகுத்து வெளியிட்டதும், பின்னர் ஹார்வர்டு பேராசிரியர் சைல்டு எண் போட்டு வரிசைப்படுத்தியதும் தேர்வுக்கு வேண்டிய செய்திகள். ஆனால், அந்தப் பாடல்கள் புத்தகத்துக்குள் போய் அடங்கிவிடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஸ்காட்லாந்திலிருந்தும் வட அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் பிழைப்புத் தேடிக் கப்பலேறிய ஏழைக் குடியானவர்கள், அமெரிக்காவின் அப்பலேசிய மலைப் பகுதிகளில் குடியேறியபோது அவற்றையும் தங்களோடு கொண்டுபோனார்கள். செசில் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் 1916 முதல் 1918 வரை அந்த மலைகளில் அலைந்து திரிந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பாடிக்கொண்டிருந்த பழைய பாலட்டுகளை நூற்றுக்கணக்கில் எழுதி எடுத்தார். அந்த மலைப் பாட்டோடு கறுப்பின மக்களின் இசையும், மாதா கோவில் பாட்டும், வானொலியும், இசைத்தட்டு வியாபாரமும் சேர்ந்துதான் இன்று ‘கன்ட்ரி’ என்று வழங்கும் இசை உருவாயிற்று. ஃபிடில், கித்தார், கம்பியின் மேல் இரும்பை இழுத்து அழுகை போன்ற ஒலியை எழுப்பும் ஸ்டீல் கித்தார் ஆகியவை அதன் வாத்தியங்கள். நம் நாட்டுப்புறப் பாடலோடு இதை ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. இது பெயர் தெரிந்த கவிஞர்கள் எழுதி, கம்பெனிகள் விற்கும் பாட்டு. ஆனால், மனசு பழைய பாலட்டினுடையது.

‘பார்பரா ஆலன்’ என்ற பாலட்டை நம் வகுப்பில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். 1666-ஆம் ஆண்டு ஜனவரியிலேயே சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் அதைக் கேட்டு மகிழ்ந்ததாக எழுதியிருக்கிறார். காதலில் நொந்து சாகக் கிடக்கிறான் ஒருவன். அவள் மெதுவாக வருகிறாள். ஒரு கடுஞ்சொல் சொல்லிவிட்டுத் திரும்புகிறாள். சாவு மணி காதில் விழுகிறது. நெஞ்சு உடைகிறது. மறுநாளே அவளும் இறக்கிறாள். மூன்று நூற்றாண்டுக்குப் பின் நாஷ்வில்லில் எழுதப்பட்ட நம் பாட்டிலும் ஒருவன் காதலால் நொந்து சாகிறான், அவள் வருகிறாள். ஆனால், அவள் வந்த பிறகு என்ன நினைத்தாள் என்று பாட்டு சொல்லவே இல்லை. அந்த ஒரு வேறுபாட்டைப் பற்றித்தான் நான் பலநாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இனிப் பாட்டின் கதையைப் பார்ப்போம். சாகும்வரை உன்னை நேசிப்பேன் என்று அவன் சொன்னான். காலம் போனால் மறந்துவிடுவாய் என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள். வருஷங்கள் ஓடின. அவன் மறக்கவில்லை. சுவரில் அவள் படம். கட்டிலருகே 1962-ஆம் வருஷத்துத் தேதியிட்ட அவளுடைய கடிதங்கள். அவற்றில் காதலைச் சொல்லும் இடம் ஒவ்வொன்றின் கீழும் அவன் சிவப்பு மையால் கோடிட்டு வைத்திருக்கிறான். சில வேளை பாதிப் பைத்தியம் போலவும் ஆகிவிடுகிறான். பிறகு ஒருநாள் நண்பன் அவனைப் பார்க்கப் போகிறான். அன்று அவன் கண்ணில் நீர் இல்லை. நல்ல உடை உடுத்தி, எங்கோ புறப்படத் தயாரானவன்போல் இருக்கிறான். முகத்தில் பல ஆண்டுகளாகக் காணாத புன்னகை.

இதுவரை கேட்டவர் என்ன நினைப்பார்? ஆள் தேறிவிட்டான், ஊருக்குக் கிளம்புகிறான் என்றுதானே! அப்போதுதான் பல்லவி வருகிறது. வாசற்கதவில் மலர் வளையம் வைத்திருக்கிறார்கள். இன்னும் சிறிது நேரத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நல்ல உடை பிணத்துக்கு உடுத்தியது. பயணம் இடுகாட்டுக்கு. சாகும்வரை நேசிப்பேன் என்றவன் செத்தான். ஆகவே நேசிப்பதை நிறுத்தினான். சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றிவிட்டான்! அந்தப் பகுதியில் உள்ள ஒவ்வொரு செய்தியும் இரண்டு முறை உண்மையாகிறது: முதல் முறை பிழைத்தவன் என்ற எண்ணத்தோடு, இரண்டாம் முறை பிணம் என்று தெரிந்த பிறகு. இப்படி நெய்வது எளிதன்று.

நெய்தவர்கள் இருவர்: பாபி பிராடக், கர்லி புட்மன். நாஷ்வில்லில் பாட்டு எழுதுவது ஓர் அலுவல். இசைப் பதிப்பகங்கள் எழுத்தாளர்களை வைத்துக்கொள்ளும். இரண்டு பேர் ஒரு அறையில் கித்தாரோடு உட்கார்ந்து எழுதுவார்கள். எழுதியது எந்தப் பாடகரிடம் போகும் என்பது பின்னால் முடிவாகும். இந்தப் பாட்டையும் அவ்வாறே, ஜோன்ஸை மனத்தில் வைக்காமல்தான் எழுதினார்கள். ஜானி ரஸ்ஸல் என்ற மற்றொரு பாடகர் இதை முன்பே பதிவு செய்தும் அது வெளிவரவில்லை. இந்த இருவரின் முந்தைய சரக்கையும் அறிந்துகொள்வது நல்லது. புட்மன் 1965-வாக்கில் எழுதிய ‘கிரீன், கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம்’ என்ற பாட்டை 1966-இல் டாம் ஜோன்ஸ் பாடி உலகமெங்கும் பரப்பினார். ஒருவன் சொந்த ஊருக்குத் திரும்பி ரயிலிலிருந்து இறங்குகிறான். தாயும் தந்தையும் காதலியும் எதிர்கொள்கிறார்கள். நடுவே பாட்டு நின்று பேச்சு வருகிறது. அப்போதுதான் தெரிகிறது, அவன் மரண தண்டனைக் கைதி, கண்டது கனவு, பசும்புல்லுக்குக் கீழே புதைக்கப்படத்தான் ஊர் போகப்போகிறான். மரணத்தை மறைத்துவைத்துக் கடைசியில் திறந்து காட்டும் வித்தை புட்மனுக்குப் புதிதல்ல என்பது இதனால் விளங்கும். பிராடக்கும் புட்மனும் சேர்ந்து எழுதிய ‘டி-ஐ-வி-ஓ-ஆர்-சி-இ’ என்ற விவாகரத்துப் பாட்டை 1968-இல் டாமி வைனெட் என்ற பாடகி பாடிப் புகழ் பெற்றார். அந்த அம்மையார் மறு ஆண்டே ஜார்ஜ் ஜோன்ஸை மணந்துகொண்டார்.

இங்கே ஜோன்ஸின் வாழ்க்கையைச் சொல்லியாக வேண்டும். 1931-இல் டெக்ஸாஸ் மாநிலத்தில் சாரடோகா என்ற இடத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தாய் பக்தி மிக்கவர். மாதா கோவிலில் பியானோ வாசிப்பவர். தந்தை கூலி வேலைக்காரர். மூத்த மகள் சிறு வயதிலேயே காய்ச்சலில் இறந்த துக்கத்தில் குடிக்கப் பழகியவர். நள்ளிரவில் குடித்துவிட்டு வந்து, தூங்கும் சிறுவனை எழுப்பி, பாடு என்பார். பாடாவிட்டால் அடி விழும். அதே தந்தைதான் ஒன்பது வயதில் அவருக்குக் கித்தாரும் வாங்கிக் கொடுத்தார். போமான்ட் நகரத் தெருக்களில் நின்று காசுக்குப் பாடிய பையன், 1955-இல் முதல் வெற்றிப் பாட்டைக் கண்டார். 1959-இல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற்ற அவருடைய முதற் பாட்டு எதைப் பற்றியது தெரியுமா? கள்ளச் சாராயத்தைப் பற்றியது!

சாராயம் அவரை விடவில்லை. கார்ச் சாவிகளை எல்லாம் மனைவி ஒளித்து வைத்துவிட, புல் வெட்டும் இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து எட்டு மைல் தூரத்திலிருந்த சாராயக் கடைக்கு ஓட்டிச் சென்ற கதையை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. அந்த மனைவியின் நிலையை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. டாமி வைனெட்டுடன் செய்துகொண்ட திருமணமும் 1975-இல் முறிந்தது. முறிந்த பின்னும் இருவரும் ஒரே ஒலிவாங்கி முன் நின்று ஜோடிப் பாட்டு பாடினார்கள். 1976-இல் வந்த ‘கோல்டன் ரிங்’ ஒரு திருமண மோதிரத்தின் கதை. அதை எழுதியதிலும் பிராடக்கின் பங்கு உண்டு. அதன் பிறகு ஜோன்ஸ் சரிந்தார். 1979-ஆம் ஆண்டில் மட்டும் ஒப்புக்கொண்ட 54 நிகழ்ச்சிகளுக்கு வராமல் போனார். ‘வராத ஜோன்ஸ்’ என்ற பட்டப்பெயரே வந்துவிட்டது. கடன் தலைக்குமேல் ஏறித் திவாலானார். அவ்வாண்டின் இறுதியில் அலபாமா மாநிலத்தில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

இத்தகைய ஒருவரிடம் இந்தப் பாட்டைக் கொடுத்தவர் பில்லி ஷெரில் என்ற தயாரிப்பாளர். நாஷ்வில்லில் தயாரிப்பாளர் என்பவர் பணம் போடுகிறவர் மட்டுமல்லர். பாட்டைத் தேர்ந்து, வாத்தியம் அமைத்து, பாடகரை வேலை வாங்குகிறவர் அவரே. எழுத்தாளர்கள் முதலில் கொண்டுவந்த வடிவம் ஷெரிலுக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஆளைச் சீக்கிரமே கொன்றுவிட்டீர்கள் என்பது அவருடைய குறை. அந்தப் பெண் இறுதிச் சடங்குக்கு வரவேண்டும் என்றும் கேட்டார். மீண்டும் மீண்டும் திருத்தி எழுத வைத்தார். இதிலுள்ள நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஆள் முதலிலேயே செத்துவிட்டால் மீதிப் பாட்டு வெறும் இரங்கல் ஆகிவிடும். சுவரும் படமும் கடிதமும் காட்டி, காத்திருப்பின் நீளத்தை நமக்கு உணர்த்திய பிறகே சாவு வரவேண்டும்.

ஜோன்ஸுக்கோ பாட்டு பிடிக்கவே இல்லை. நீளம் அதிகம், சோகம் அதிகம், இந்தப் பிணப் பாட்டை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்றார். ஓடாது என்று ஷெரிலோடு நூறு டாலர் பந்தயமும் கட்டினார். மெட்டும் மனத்தில் நிற்கவில்லை. பாட ஆரம்பித்தால், கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் எழுதிய வேறொரு புகழ்பெற்ற பாட்டின் மெட்டுக்கு வழுக்கிக்கொண்டு போய்விடும். அதைச் சுட்டிக் காட்டியபோது, அந்த மெட்டுத்தான் நன்றாயிருக்கிறது என்று பதில் சொன்னாராம்!

மற்றொரு தொல்லை, நடுவில் வரும் பேச்சுப் பகுதி. அவள் வந்ததைப் பாட்டாக வைக்காமல் நான்கே வரிப் பேச்சாக வைத்திருக்கிறார்கள். குடித்திருந்தாலும் ஜோன்ஸ் பாடும்போது நாக்குக் குழறாது, பேசினால் குழறிவிடும். பாட்டுக்குத் தாளமும் சுருதியும் பிடிமானம்; பேச்சுக்கு எதுவும் இல்லை. ஆகவே அந்த நான்கு வரியைத் தெளிவாகப் பேசி முடிக்க அவர் நிதானத்தோடு வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. முதல் சரணம் பதிவானதற்கும் பேச்சு பதிவானதற்கும் இடையே பதினெட்டு மாதம் ஆயிற்று என்று ஷெரில் பிற்காலத்தில் சொன்னார். கேட்பவருக்கு அந்த இடைவெளி தெரியாது. ஒரே மூச்சில் சொன்னது போலத்தான் இருக்கிறது.

பாட்டு 1980 ஏப்ரலில் வெளிவந்தது. ஜூலையில் கன்ட்ரி பட்டியலின் முதலிடத்தை அடைந்தது. தனியாகப் பாடி அவர் அந்த இடத்தைப் பிடித்து ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் 1980, 1981 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இதையே சிறந்த பாட்டாகத் தேர்ந்தெடுத்தது. ஜோன்ஸுக்கு கிராமி விருதும் கிடைத்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2008-ஆம் ஆண்டுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. நூறு டாலரை ஜோன்ஸ் தோற்றார்.

இந்தப் பாட்டைப் பற்றிப் பலரும் சொல்லும் ஒரு கருத்தை நான் ஏற்கவில்லை. ஜோன்ஸ் தம் முன்னாள் மனைவியை நினைத்துத்தான் இதைப் பாடினார், இது அவருடைய சொந்தக் கதை என்கிறார்கள். பாடும்போது அவர் நெஞ்சில் யார் இருந்தார்கள் என்பது வேறு. ஆனால் பாட்டிலுள்ளவன் வேறு, ஜோன்ஸ் வேறு. பாட்டிலுள்ளவன் ஒரு தவறும் செய்யாதவன். விட்டுப் போனவள் அவள். ஜோன்ஸோ பிறர் விட்டுப் போகும்படி நடந்துகொண்டவர். பாட்டில் அவர் பேசுவதும் காதலனாக அன்று, பார்த்துக்கொண்டிருந்த நண்பனாக. தன்னை நொந்துகொள்ளும் குரலில் பாடியிருந்தால் கேட்பவர் முகம் திருப்பிக்கொள்ளக் கூடும். மற்றவனுக்காக இரங்கும் வேஷம் கிடைத்ததால்தான் தம் துக்கத்தை எல்லாம் அவரால் கொட்ட முடிந்தது என்பது என் கருத்து.

விடுதியில் என் அறைத் தோழன் ஒருவனுக்குக் கைபேசியில் இதைப் போட்டுக் காட்டி, பொருளும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “போய்ட்டா போகட்டும்னு வேலையைப் பார்க்காம, இதென்னடா பைத்தியக்காரத்தனம்? செத்தவன் மேல எனக்கு இரக்கமே வரலை. அந்தப் பொண்ணு பாவம்டா” என்றான். முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இருபதாண்டுக் காலம் ஒருவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் காதலின் சிகரம் என்று நாம் கொண்டாடுகிறோம். மறந்துவிடுவாய் என்று அவள் சொன்னது நல்ல எண்ணத்தில் சொன்னதாகவும் இருக்கலாம் அல்லவா? ஒருதலைக் காதலைக் கைக்கிளை என்று வகுத்த நம் இலக்கணத்தார் அதை அன்பின் ஐந்திணையில் சேர்க்கவில்லை. அவள் கேட்காத ஒரு சுமையை அவன் செத்து அவள் தலையில் வைத்துவிட்டான் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் பாட்டு அவனைப் புகழ்கிறதா? இந்தக் கேள்வியோடு மறுபடி கேட்டுப் பார்த்தேன். புகழவில்லை. அவன் செய்தது சரி என்று நண்பன் ஓரிடத்திலும் சொல்லவில்லை. பாதிப் பைத்தியம் போல் ஆனான் என்று ஒளிக்காமல் சொல்கிறான். அவளையும் ஏசவில்லை. வருத்தம் என்ற சொல்லே பாட்டில் இல்லை. அவள் வந்தாள், வருவாளா என்று நாங்கள் ஐயப்பட்டிருந்தோம், அவ்வளவுதான். அந்தப் பேச்சின் பின்னணியில் ஒரு பெண் குரல், சொல் ஏதுமின்றி, மேலே மிதந்து வருகிறது. மில்லி கிர்க்கம் என்ற பாடகியின் குரல் அது. பார்பரா ஆலனைப்போல் அவள் அழுது புலம்பிச் சாகவில்லை. சவப்பெட்டியின் பக்கத்தில் நின்றாள். என்ன நினைத்தாள் என்பதை அந்தச் சொல்லில்லாத குரலிடம் விட்டுவிட்டார்கள். பிறகு வயலின்கள் படிப்படியாக மேலேற, பல்லவி திரும்ப வருகிறது. என் தோழனுக்கு இரக்கம் வந்த இடமும் அதுதானே! பாட்டு தோற்கவில்லை என்று அவனிடம் சொன்னேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த வெற்றி ஜோன்ஸைத் திருத்திவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த சில ஆண்டுகளும் குடியும் போதைப் பொருளும் தொடர்ந்தன. 1983-இல் மணந்துகொண்ட நான்சி என்ற அம்மையார்தான் பெரும்பாடு பட்டு அவரை மீட்டார். 1999-இல் மது அருந்திவிட்டுக் காரோட்டிப் பாலத்தில் மோதி, சாவின் வாயில்வரை போய்த் திரும்பினார். அதன் பிறகே குடி நின்றது. டாமி வைனெட் அதற்கு முந்தின ஆண்டு, 1998 ஏப்ரலில், 55 வயதில் காலமாகியிருந்தார்.

ஜோன்ஸ் 2013 ஏப்ரல் 26-ஆம் நாள் காலமானார். நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி அரங்கில் நடந்த இறுதி நிகழ்ச்சியில், ஆலன் ஜாக்சன் என்ற பாடகர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு இந்தப் பாட்டைப் பாடினார். உட்லான் இடுகாட்டில் ஜோன்ஸ் கல்லறையின் மேல் ஒரு பெரிய வளைவு கட்டியிருக்கிறார்கள். அதில் பாட்டின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே இடுகாட்டின் மற்றொரு கட்டடத்தில் டாமி வைனெட்டும் இருக்கிறார்.